செண்பக விலாஸ் பேமிலி ரூம்

கோமதிநாயகத்துக்கு இன்னைக்கு வாயத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. போட்டது பொண்டாட்டி முப்புடாதி. புளியங்குடி பஸ் ஸ்டாண்டுல எறங்கி முந்தானையச் சரி பண்ணும்போதே போட்டுட்டா. "இந்தச் சம்பந்தத்தையும் நக்கலடிச்சுக் கெடுத்தீகன்னா, கரண்டியத் தூக்கி ஒங்க கையில குடுத்துட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்." கரண்டி பிடிச்சே காலத்த ஓட்டின மனுசன்ட்டயே கரண்டியக் காட்டுதாளேன்னு ஒரு பதிலு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டாரு. அவ சொல்லுததுலயும் ஞாயம் இல்லாம இல்ல. போன தையில கடையநல்லூர்ல எல்லாம் கூடி வந்த நேரத்துல, பொண்ணோட அப்பா மீசையப் பாத்து, "அண்ணாச்சி, இது வளத்த மீசையா, மூக்குக்குப் போட்ட பந்தலா?"ன்னு கேட்டுட்டாரு. வார்த்த வெளிய வந்த பொறவுதான் தெரிஞ்சுது, வந்திருக்கப்பிடாதுன்னு. அந்தாளு காப்பித் தம்ளரைக் கீழ வச்ச சத்தம் இன்னும் காதுல கெடக்கு. மகன் செல்வமுருகன் ஒரு வார்த்த திட்டல, செருப்ப மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டான். திட்டியிருந்தா தேவலாம். அவனுக்கும் வயசு முப்பத்தஞ்ச நெருங்குது, முன்னந்தலை திருநெல்வேலி பைபாஸ் மாதிரி அகலமாயிட்டே போகுது. இந்த எடத்துப் பொண்ணுன்னா அவனுக்கு உசுரு, அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான், ரெண்டும் போன்ல பேசிச் சிரிக்குதுக. பெரியவுக ஒரு வார்த்த பேசி முடிக்கணும், அதுதான் பாக்கி. பொண்ணுக்கு அம்மா கனகமணி, தையக்கடை வச்சிருக்கா. புருசன் சவுதியில. "கல்யாண சீசன் மதினி, கடையப் போட்டுட்டு நகர முடியல, கடைக்கே வந்துருங்களேன்"னு போன்ல சொன்னா. வந்தாச்சு. வந்து நிமிந்து பாத்தா, கனகா டெய்லர்ஸ்னு கட்டடத்தோட மூஞ்சிய மூடி ஒரு பிளக்ஸ் போர்டு, போர்டுக்கு மேல ஒரு சிமெண்டுக் கிளியோட வாலு. அந்த வாலப் பாத்ததும் அவருக்கு எடம் பிடிபட்டுருச்சு. இது செண்பக விலாசுல்லா. வாலிபத்தைப் பூரா தோசைக்கல்லு முன்னால நின்னு இவரு வேக வச்ச செண்பக விலாஸ் ஓட்டலு, முப்புடாதி பேரைக் கேட்டிருக்கா, எடத்தப் பாத்ததில்ல. தரகர் கனகமணிட்ட சொல்லி வச்சிருக்கிறது மாப்பிள்ளையோட அப்பா தூத்துக்குடில மெஸ் வச்சிருந்தவருன்னு மட்டும்தான். அதுவும் பொய்யில்ல, அதுக்கு முன்னால என்னன்னு யாரும் கேக்கல.

"ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்துட்டு வந்துருதேன், மேல காத்தாட உக்காருங்க"ன்னு கனகமணி ரெண்டு பேரையும் மாடிக்கு ஏத்தி விட்டுட்டா. அம்பது வயச நெருங்குன பொம்பள, கழுத்துல அளவு டேப்பு, மொகத்துல ஒரு வெளிச்சம். பழகுன மொகமாத் தெரியல, அவளுக்கும் இவரைத் தெரிஞ்ச மாதிரி இல்ல, நல்லதாப் போச்சு. மாடியில ஒத்த ரூம். நீட்டா ஒரு பெஞ்சு, ஒரு ஆளுயரக் கண்ணாடி, சேலை கட்டுன ரெண்டு தலையில்லாத பொம்மை. பேமிலி ரூமு! இத்தன வருசம் இதுக்கு நேர் கீழ நின்னு வெந்திருக்காரு, ஒரு நாளு உள்ள கால வச்சதில்ல. அவரு பெஞ்சுல உக்காந்து அண்ணாந்து பாத்தாரு. உத்தரத்துக்கு மரம் இல்ல, பழைய ரயில் தண்டவாளம். ஓட்டலாகுததுக்கு முன்னால இது எலுமிச்சங்கா குடோனு, மொட்டமாடிலயும் மூட்டை அடுக்குத கனத்துக்குத் தண்டவாளம் போட்டிருக்கான் எவனோ. மழை பேஞ்சா சொவரு எலுமிச்சங்கா வாடை அடிக்கும், சாப்பிட வந்தவன் ரசத்துல புளிக்குப் பதிலா சொவத்தைக் கரைச்சு ஊத்திட்டானாம்பான். சங்கரவடிவேல் முதலாளிதான் குடோனை வாங்கி ஓட்டலாக்குனாரு. சொவத்துப் பூச்சுக்குக் கருப்பட்டியும் கடுக்காயும் போட்டு அரைச்சாருன்னு பெருமை பேசுவாரு. அந்தக் கருப்பட்டில பாதிய காப்பில போட்டிருந்தா ஓட்டலு இன்னும் இருந்திருக்கும்னு இவரு சொல்லாத நாளு கெடையாது. முகப்புல ரெண்டு சிமெண்டுக் கிளி, நடுவுல கட்டுன வருசம். உள்ள செவப்புத் தரை, அதுல மொகம் பாக்கலாம். கல்லாவ மட்டும் ஒரு படி ஒசத்திக் கட்டியிருந்தாரு, அங்க இருந்து பாத்தா எந்த எலையில எவன் என்ன மிச்சம் வைக்கான்னு தெரியும். பின்னால அடுக்களை. பொகைக்குத் தனியாக் கொழாய் வச்சிட்டு, வெக்கை ஏறிப் போறதுக்குன்னு அடுக்களைலேருந்து மொட்டமாடி வரைக்கும் ஒரு சதுரப் பொந்து விட்டிருந்தாரு, கெணத்தைத் தலைகீழாக் கவுத்துன மாதிரி. அந்தப் பொந்து இந்த பேமிலி ரூம் சொவத்த ஒட்டித்தான் போகுது. வெளிச்சம் வரட்டும்னு சொவத்துல பூப்போட்ட சிமெண்டு ஜன்னலு ஒண்ணு பதிச்சிருக்கு, பெஞ்சுக்கு நேர் பின்னால, இவரு தோளுக்கு ஒரு சாண் தள்ளி. இதுவரைக்கும் இவரு அதைக் கீழ இருந்து, அடுப்பு முன்னால நின்னு, ஒசரத்துல ஒரு வெளிச்சத் துண்டாத்தான் பாத்திருக்காரு. நட்சத்திரம் மாதிரி இருக்கும்.

முதலாளிக்கு பேமிலி ரூம்னா சாமி ரூமு மாதிரி. "குடும்பம் குட்டியோட வாரவுக நாலு அந்தரங்கம் பேசுவாக, அது வெளிய போகப்பிடாது"ன்னு சொல்லி அங்க பரிமாறுததுக்குன்னே பொன்னையா அண்ணாச்சிய வச்சிருந்தாரு. அண்ணாச்சிக்கு ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காது. சின்ன வயசுல கோயில் வெடி காதுகிட்ட வெடிச்சது. என்னா மூளை முதலாளிக்கு! ஊரே மெச்சுச்சு. வேற எவனும் மாடிப்படி ஏறப்பிடாது, கூட்டுததும் தொடைக்குததும் கூட அண்ணாச்சிதான். சாப்பிடுதவுக வேணுங்கிறத வெரலால காட்டணும், அண்ணாச்சி எறங்கி வந்து அதே வெரல அடுக்களையில காட்டுவாரு. ஒத்த வெரலுன்னா ரோஸ்ட்டு, மூடுன கையின்னா இட்லி, விரிச்ச கையின்னா ஊத்தப்பம். அத வாங்கி ஊருக்கே கேக்குத மாதிரி ஏலம் விடுதது கோமதிநாயகம். யாரு வந்திருக்காகன்னு இவருக்கு எப்படித் தெரியும்? மாடிப்படிக்கும் அடுக்களைக்கும் நடுவுல சொவத்துல ஒரு சந்து, அதுல ஏறிப் போற காலு மட்டும் தெரியும். மொகம் தெரியாத ஆளுகளுக்குக் காலு பாத்துப் பேரு வச்சாரு. பூட்சுக்காலு. ஆறு வெரலு. யான. "யான வந்துருக்குடோய், ஊத்தப்பம் நாலு, தூணப் பிடிச்சுக்கோங்க!" அடுக்களையே குலுங்கும். மாவாட்டுதவன் சிரிச்சுச் சிரிச்சு உளுந்துல கண்ணீரை விட்டுருவான். அந்தக் காலத்துல கோமதிநாயகம் இருந்தாத்தான் வேலை ஓடும்னு அடுக்களைக்குப் பெரிய மாஸ்டர் சொல்லுவாரு. சொல்லாத நாளு கெடையாது.

"அந்த ஆரஞ்சு நூலு இல்லட்டி, பழுத்த மொளகாக் கலரு." கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பக்கத்துல உக்காந்து யாரோ பேசுத மாதிரி, தோளுக்குப் பின்னால, காது மடலுல மூச்சு படுத மாதிரி ஒரு பொம்பளப் பிள்ளை கொரலு. திரும்பிப் பாத்தாரு. யாருமில்ல, சிமெண்டுப் பூ. முப்புடாதி தலையில்லாத பொம்மை கட்டியிருந்த சேலையோட கரையத் தடவிக்கிட்டிருந்தா. "கக்கத்துல பிடிக்கின்னு போன தடவயே சொன்னேம்லா"ன்னு ஒரு கொரலு. "ஊக்கு எங்க வச்ச, மூதி?"ன்னு இன்னொண்ணு. மிசினு ஓடுத சத்தம், கத்தரி துணியக் கடிக்கிற சத்தம். அடுக்களை இருந்த எடத்துலதான் இப்பத் தையமிசினு கெடக்கு. அங்க பேசுதது இங்க கேக்குது. கேக்குதுன்னா, எப்பவும் கேட்டிருக்கும். இல்ல இல்ல, அப்போ ஸ்டவ்வு இருந்துச்சு, பம்பு ஸ்டவ்வு, பக்கத்துல நிக்கிறவன் பேசுததே கேக்காதே. ஆமா, கேக்காது, அதனாலதான கத்திப் பேசுனோம். ஸ்டவ்வுச் சத்தத்தைத் தாண்டிக் கத்துனோம். மேல ஸ்டவ்வு ஏது? மேல அமைதியா நாலு பேரு எலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக. மேலருந்து எங்களுக்கு ஒண்ணும் கேக்காது, அதனால எங்களது மேல கேக்காதுன்னு எந்த மடையன் சொன்னான்? யாரும் சொல்லல. நாங்களா நெனச்சுக்கிட்டோம். காது உள்ள ஒருத்தனாவது மேல நின்னிருந்தா வந்து சொல்லியிருப்பான். நின்னது பொன்னையா அண்ணாச்சி. பெரிய மூளை. குடும்ப ரகசியம் வெளிய போகல முதலாளி, வெளிய இருந்த நாறவாயி பூரா உள்ள போயிருக்கு. யானன்னு பேரு வச்ச பொம்பள கேட்டிருக்கா. ஊத்தப்பத்தப் பிட்டு வாயில வைக்கப் போற நேரத்துல, சொவத்துலேருந்து, தூணப் பிடிச்சுக்கோங்கடோய்னு. கேட்டுட்டு அந்த ஊத்தப்பத்த என்ன செஞ்சிருப்பா? முழுங்கியிருப்பாளா? அவ பொறவு வந்தாளா? அந்தக் காலு பொறவு வந்துச்சா? ஆறு வெரலு வந்தானா? வரல. நெறையப் பேரு வரல. கூட்டம் கொறையக் கொறைய மாஸ்டரு எண்ணெய் சரியில்லம்பாரு, முதலாளி தெக்குப் பாத்த வாசல் சரியில்லன்னு ஆசாரியக் கூட்டி வந்து வாசலையே இடிச்சு மாத்திக் கட்டுனாரு. வாசலு பாவம் என்ன செய்யும். கோமதிநாயகத்துக்கு ஒக்கார முடியல. காது ரெண்டும் தோசைக்கல்லுல வச்ச மாதிரி கொதிக்கி. எந்திரிச்சு நின்னா எங்க போறது, மறுபடி உக்காந்தாரு. ஒவ்வொரு காலா நெனப்புல மாடியேறி வருது. ஒவ்வொண்ணுக்கும் வச்ச பேரு பின்னாலயே வருது. இதுல ஒரு காலு மட்டும் வந்துறப்பிடாது, அத மட்டும் நெனச்சுறப்பிடாதுன்னு வேற எதையாவது நெனைக்கப் பாத்தாரு, தண்டவாளத்தை, கிளிய, மகன் வழுக்கைய. நெனைக்கப்பிடாதுன்னு நெனச்ச மறு நிமிசம் அது வந்து நிக்கி.

வெடிப்புக்காலு. செருப்பில்லாத, பாளம் பாளமா வெடிச்ச பொம்பளக் காலு. கூடவே ஒரு சின்னக் காலு, படிய ஒண்ணு விட்டு ஒண்ணு தாவும். மாசத்துல ஒரு நாளு வருங்க. அண்ணாச்சி எறங்கி வந்து ஒத்த வெரலக் காட்டுவாரு. ஒரே ஒரு ரோஸ்ட்டு, வேற ஒண்ணும் கெடையாது. "ஒத்த ரோஸ்ட்டு, ரெட்ட வாயி வந்தாச்சு டோய்! சாம்பார் வாளியப் பூட்டி வைங்க, வாளியோட குடிச்சிரும்!" அப்புறம், "அந்த வெடிப்புல ஒரு படி உளுந்து வெதைக்கலாம்டே, முதலாளிக்கு உளுந்துச் செலவு மிச்சம்." இத நான்தான் சொன்னேனா? வேற எவனாவது சொல்லி நான் சிரிச்சது மாதிரி நெனப்பு வரக்கூடாதா? நான்தான் சொன்னேன். ஒவ்வொரு மாசமும் புதுசு புதுசாச் சொன்னேன், காலு படி ஏறுதப்பவே அடுக்களைப் பயலுவ இன்னைக்கு என்ன சொல்லப் போறான்னு என் வாயப் பாப்பானுவ. ஒரு நாளு சொல்லுததுக்குப் புதுசா ஒண்ணும் வரல. கல்லுல ரோஸ்ட்டு முறுகலா, அகலமா, பொன்னு மாதிரி கெடந்துச்சு. தோசைக்கரண்டியத் திருப்பி அது நடுவுல சரக்குனு ஒரு வெட்டு. "இந்தா, பாகப்பிரிவினை முடிஞ்சுது, பத்திரச் செலவு கெடையாது, ஆளுக்குப் பாதி!"ன்னு கத்தி ரெண்டு துண்டாவே அண்ணாச்சி கையில குடுத்து அனுப்புனாரு. அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல மாஸ்டருக்குப் பொரை ஏறி முதுகுல அடிக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்பறம் அந்தக் காலுகளக் காணோம். ரெண்டு மூணு மாசம் சந்தப் பாத்துக்கிட்டே இருந்தாரு, ரெட்ட வாயிக்குன்னு யோசிச்சு வச்சது பூராம் வீணாப் போச்சேன்னு. வீணாப் போச்சேன்னுதான் வருத்தப்பட்டாரு. பின்னாடி தூத்துக்குடில ராத்தூக்கம் வராத நாளுல, பிள்ளையும் தாயும் பிச்சுத் திங்கச் சிரமப்படுமேன்னு ஒதவியாத்தான வெட்டிக் குடுத்தோம்னு ஒரு கதை கட்டி, அத அவரே நம்பிப் படுத்திருக்காரு. அவுகளுக்குத்தான் எதுவும் தெரியாதேங்கிறதுதான் அந்தக் கதைக்குத் தலைகாணி. இப்ப யாரோ தலைகாணிய உருவிட்டாங்க.

"கோவிச்சுக்காதீங்க, நேரமாயிட்டு"ன்னு கனகமணி காப்பித் தட்டோட மேல வந்தா. "அண்ணாச்சி எடுத்துக்கோங்க, சீனி பாருங்க." கோமதிநாயகம் தலைய ஆட்டி வாங்கிக்கிட்டாரு. முப்புடாதிக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு, நம்ம உத்தரவுக்கு இம்புட்டு மரியாதையான்னு. "கடை நல்ல அம்சமா இருக்கு கனகா. கீழ அத்தன பிள்ளைக வேலை பாக்கு, ஒரு சளபுள கெடையாதே"ன்னா. கனகமணி சிரிச்சா. "அது நான் போட்ட சட்டம் மதினி. மேல ஆளு உக்காந்திருந்தா கீழ நூலப் பத்திப் பேசலாம், ஊக்கப் பத்திப் பேசலாம். யாரு ஒடம்பப் பத்தியும் பேசப்பிடாது. இவ குண்டு, இவ கூனு, இவளுக்குக் கை ஒரு பக்கம் சிறுசுன்னு ஒரு வார்த்த வந்துச்சு, அன்னையோட வேலை கெடையாது. இந்த ஜன்னலு வழியா அம்புட்டும் மேல கேக்கும்." கோமதிநாயகம் பெஞ்சுல ஜன்னலை விட்டுத் தள்ளி உக்காந்தாரு. "அதெப்படி கண்டுபிடிச்ச?"ன்னா முப்புடாதி. ஏன்டி கேக்க, ஏன்டி கேக்கன்னு இவரு மனசுக்குள்ள கத்துனாரு. "நான் கண்டுபிடிச்சது இப்ப இல்ல மதினி, அரைப்பாவாடை கட்டுன வயசுல. இது அப்ப செண்பக விலாஸ்னு ஓட்டலு. எங்கம்மா பீடி சுத்துவா. கூலி வாங்குன அன்னைக்கு என்ன இங்க கூட்டிட்டு வருவா. ஒரு ரோஸ்ட்டு வாங்குவோம், நான் திம்பேன், அவ ஓரத்துல பிச்சுக்குவா."

தம்ளருக்குள்ள பாத்துக்கிட்டிருந்தாரு கோமதிநாயகம். காப்பில ஆடை படிஞ்சு சுருங்குது. இல்ல, ஊருல எத்தனையோ தாயும் பிள்ளையும். பீடி சுத்துற பொம்பளைக எத்தனையோ பேரு. "அடுப்படியில ஒருத்தன் இருந்தான் மதினி, மொகம் தெரியாது, கொரலு மட்டும் இந்தச் சொவத்துலேருந்து வரும். யப்பா, என்னா பேச்சு! ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேரு. யானம்பான், பூட்சுக்காலும்பான். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். தோசைய விட அந்தக் கொரலைக் கேக்கத்தான் எனக்கு ஆசை. ஒத்த ரோஸ்ட்டு ரெட்ட வாயின்னு ஒண்ணு சொல்லுவான், அதுக்கும் சிரிப்பேன். அது யாருன்னு தெரியாமயே சிரிச்சிருக்கேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் சிரிக்கிறேன்னு பேசாம இருந்திருக்கா." கனகமணி வெறுந்தட்டத் தொடைச்சா, தொடைச்ச எடத்தையே மறுபடி தொடைச்சா. "ஒரு நாளு ரோஸ்ட்டு ரெண்டு துண்டா வந்துச்சு, சொவத்துலேருந்து ஆளுக்குப் பாதின்னு சத்தம் வந்துச்சு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. எங்கம்மா ரெண்டு துண்டையும் என் பக்கம் தள்ளிட்டு, எனக்கு வயிறு சரியில்லட்டின்னா. நான் ரெண்டையும் தின்னேன் மதினி. அழுதுக்கிட்டே தின்னேன், ருசியா இருந்துச்சு. அதுக்கப்பறம் அவ சாகுற வரைக்கும் வெளிய ஒரு எடத்துல ஒக்காந்து ஒரு வாய் சாப்பிட்டதில்ல. என் கல்யாணப் பந்தியில கூட ஒக்காரல." முப்புடாதி சேலைத் தலைப்பால கண்ணத் தொடைச்சா. "கட்டைல போவான். யாருன்னு தெரியலயாக்கும்? எங்க வீட்டுக்காரவுககூட அந்தக் காலத்துல…" அவ்வளவுதான் சொன்னா. சொல்லிக்கிட்டே திரும்பி புருசன் மொகத்தப் பாத்தா. செண்பக விலாசுல தோசை ஊத்துனவருக்குத்தான் கழுத்த நீட்டுனோம்ங்கிறது அவளுக்கு மறந்தா போச்சு? அந்த மொகத்துல என்ன கெடந்துச்சோ, அவ வாயி தொறந்தது தொறந்தபடி நின்னுச்சு. "…அந்தக் காலத்துல இந்தப் பக்கமெல்லாம் வந்ததே இல்லம்பாக"ன்னு முடிச்சா. "மொகம் தெரியாது மதினி"ன்னா கனகமணி. "கொரலக் கேட்டாப் போதும், செத்தாலும் கண்டுபிடிச்சிருவேன்."

கீழ மிசினு ஓடிக்கிட்டே இருந்துச்சு. "சரி, நல்ல நாளும் அதுவுமா என்னத்தையோ பேசிக்கிட்டு"ன்னு கனகமணி மூக்க உறிஞ்சிக்கிட்டா. "பிள்ளைக்கு அப்பா சவுதிலேருந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக. நம்ம வழக்கப்படி மாப்பிள்ளைக்கு அப்பா வாயால வாக்கு வாங்கிருன்னு. நீங்க சொல்லுங்கண்ணாச்சி, வந்ததுலேருந்து ஒரு வார்த்த பேசலயே. என் மகள மருமகளா எடுத்துக்கிடுதது ஒங்களுக்குச் சம்மதந்தான்?" முப்புடாதி, "அவுகளுக்குத் தொண்டை…"ன்னு ஆரம்பிச்சா. "ஒரு வார்த்த போதும் மதினி, கட்டுன தொண்டையா இருந்தாலும் வாக்கு வாக்குதான்"னுட்டா. கோமதிநாயகத்துக்கு மகன் போன்ல சிரிக்கிற சத்தம் நெனப்புல வந்துச்சு. வேற கொரலு வேணும், யாரு கொரலயாவது எடுத்துப் போட்டுக்கிடணும். டவுன் பஸ்ஸு கண்டக்டரு கொரலு நல்லா வரும். அதப் பேசித்தான அடுக்களைல சிரிக்க வச்சோம், இவ கேட்டிருப்பா. எலுமிச்சங்கா தரகன் கொரலு, கேட்டிருப்பா. முதலாளி கொரலு, அதையும் கேட்டிருப்பா. இவருகிட்ட இருந்த அத்தன கொரலும் இந்தப் பொந்து வழியா ஏற்கனவே மேல ஏறி வந்து இவ காதுல எறங்குனதுதான். பேச ஆளில்லாத வீடு மாதிரி இருந்துச்சு உள்ளுக்குள்ள. கடைசில எங்கயோ அடியிலேருந்து, இதுவரைக்கும் யாரையும் சிரிக்க வைக்காத, அவருக்கே தெரியாத ஒரு ஒல்லிக் கொரலு, முக்கி முனகி வெளிய வந்துச்சு. "சம்மதம்மா. ஒங்க மக எனக்கும் மகதான்." சொல்லி முடிச்ச பொறவுதான் தெரிஞ்சுது, இனிமே இந்த வீட்டுக்காரவுக முன்னால இந்தக் கொரலுதான். நிச்சயதார்த்தத்துல இதுதான், மாலை மாத்தும்போது இதுதான். பேரப்பிள்ளை பொறந்து இவரு தோளுல ஏறி தாத்தா ஒரு வேடிக்க சொல்லு தாத்தான்னு கேக்கும், அப்பவும் இதுதான். மகன் கேப்பான், ஒங்க கொரலு எங்கப்பான்னு. என்னத்தச் சொல்ல. கனகமணி ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டா, கண்ணு தளும்பிப் போச்சு அவளுக்கு. "பாத்தீங்களா மதினி, எம்புட்டு மெதுவான கொரலு. அதிந்து ஒரு வார்த்த பேசத் தெரியாத மனுசன். எம்மக குடுத்து வச்சவ. எங்கம்மா இருந்திருந்தா அண்ணாச்சிய அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்." முப்புடாதி புருசனைப் பாக்காம, தரையப் பாத்துக்கிட்டே சொன்னா, "ஆமாம்மா. எப்பவும் இப்படித்தான் அவுக."